எங்களைத் திரும்ப அழைத்தீர்கள், குழந்தைகள் காப்பகம் எங்கே?

ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும் என்ற ஏற்பாடு முடிந்தது. ஜூன் முதல் ஐந்து நாளும் சிறுசேரி அலுவலகத்துக்கு வர வேண்டும். அப்போது என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம்.

வீடு மேடவாக்கத்தில். கணவருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவார். எனவே மன்னார்குடியிலிருந்து அத்தை வந்தார். நாங்கள் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தபோதே, தானாகவே பையைக் கட்டிக்கொண்டு வந்தார். மாமாவுக்குச் சர்க்கரை நோய். முப்பது ஆண்டுகளாக வேளைக்கு இட்லியும் மாத்திரையும் எடுத்துவைத்த மனைவி இல்லாமல், அவர் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு அத்தை பால்கனியில் நின்று தொலைபேசியில் ஒவ்வொரு மாத்திரையாக நிறம் சொல்லி எடுக்கவைப்பார். எங்கள் குடியிருப்பில் லிப்ட் கிடையாது. பூங்காவுக்குப் போக வேண்டும் என்று அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினார். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தைல பாட்டில் பத்து நாளில் காலியானதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏழாவது வாரத்தில் மாமா மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்ததும், அன்றிரவே பஸ் ஏற்றி அனுப்பினோம்.

“வீட்டில் பெரியவர்கள் இல்லையா?” என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். அவர்களுக்கும் உடம்பு இருக்கிறது, ஊர் இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு மனிதர் இருக்கிறார். ஒரு நிறுவனத்தின் வருகைப் பதிவேடு நிரம்புவதற்காக அறுபத்தைந்து வயதுப் பெண் சம்பளமில்லாமல் உழைத்திருக்கிறார். அதை யாரும் கணக்கில் எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு காப்பகம் தேடினோம். முதல் இடத்தில் இருபது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு அம்மா. சுவரில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது இடம் நன்றாக இருந்தது, ஆனால் இடம் இல்லை. மூன்றாவதில் சேர்த்திருக்கிறோம். மாதம் 9,500 ரூபாய். மாலை ஆறரைக்கு மூடிவிடுவார்கள். மெட்ரோ பணி நடக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி நான் ஆறரைக்குள் வந்து சேர்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தாமதமாகும் ஒவ்வொரு அரை மணிக்கும் 200 ரூபாய். பணம் போகட்டும். கடைசிக் குழந்தையாக, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கம்பியைப் பிடித்தபடி அவள் நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். மகப்பேறு பலன்கள் சட்டத்துக்கு 2017-இல் கொண்டுவந்த திருத்தம் என்றால் நம்மில் பலருக்கும் 26 வார விடுப்பு மட்டும்தான் நினைவுக்கு வரும். அதே திருத்தத்தில் 11ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும். வேலையில் சேரும்போதே இந்தப் பலன்களை ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஐம்பது பேர் என்ற அளவு இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம் என்றும் அதில் வழி சொல்லியிருக்கிறார்கள். ஒரே வளாகத்தில் பத்து நிறுவனங்கள் அடுக்கடுக்காக இருக்கும் எங்கள் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறு என்ன?

எங்கள் கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. மேசைப் பந்தாட்ட அறை இருக்கிறது. தொட்டில் கட்ட ஓர் அறை இல்லை. என் நியமனக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். காப்பகம் பற்றி ஒரு வரியும் இல்லை.

சட்டம் சொல்லும் ஐம்பது பேர், ஐம்பது பெண்கள் அல்லர். ஆணும் பெண்ணுமாக ஐம்பது ஊழியர்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆனால் நான்கு முறை பார்த்துவரும் உரிமையைத் தாய்க்கு மட்டும் கொடுத்து, அப்பாவை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். தனியார் துறையில் அப்பாக்களுக்குச் சட்டப்படியான மகப்பேறு கால விடுப்பே கிடையாது. மகளுக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தால், அது என் எண்ணுக்குத்தான் வருகிறது. என் கணவர் பாசத்தில் குறைந்தவர் அல்லர். அவர் வேலையிடத்தில் “குழந்தைக்கு உடம்பு சரியில்லை” என்று சொன்னால், “மனைவி எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி முதலிலிருந்தே இல்லாதவர்களை நான் மறக்கவில்லை. எங்கள் தளத்தைத் துடைக்கும் அக்காவின் மகன் அங்கன்வாடிக்குப் போகிறான். அது மூடிய பிறகு அவர் வீடு திரும்பும்வரை பக்கத்து வீட்டுத் திண்ணைதான் அவனுக்கு. காப்பகம் வந்தால் அவனுக்கும் அங்கே பாய் விரிக்க வேண்டும். அடையாள அட்டையின் நிறம் பார்த்துக் குழந்தைகளைப் பிரிக்கும் காப்பகம் எனக்கு வேண்டாம்.

அலுவலகத்துக்கு வர நான் மறுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து பேசினால் சில வேலைகள் விரைவில் முடிகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்றால், 11ஏ காட்டிய கடமையும் உங்களுடையதுதானே?

எங்கள் தளத்தில் சிறு குழந்தைகள் உள்ள பதினான்கு பேர், ஐந்து அப்பாக்கள் உட்பட, கையெழுத்திட்டு மனிதவளத் துறைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அடுத்த புதன்கிழமை பேச அழைத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் காப்பகம் நடக்கிறது என்றால், எத்தனை மணி வரை, எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர் பார்த்துக்கொள்கிறார், செலவை யார் ஏற்கிறார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். புதன்கிழமைக்குள் வேண்டும்.