மனைவி பத்து வயது சின்னவள் என்றால் குழந்தை சீக்கிரம் வருமா?

"ஆணுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. மனைவி பத்து வயது சின்னவளாக இருந்தால் கரு சீக்கிரம் தங்கும். தள்ளிப்போனால் குறை பெண்ணிடம்தான்." இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

முக்கியம் வயது இடைவெளி அல்ல, இருவரின் வயதும்தான். 782 ஐரோப்பியத் தம்பதிகளை வைத்து டன்சன், கொலம்போ, பேர்ட் ஆகியோர் செய்த ஆய்வு 2002-ல் 'ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன்' இதழில் வந்தது. 19 முதல் 26 வயதுப் பெண்களுக்குக் கரு தங்கும் வாய்ப்பு, 35 முதல் 39 வயதுப் பெண்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சரி, பெண்ணின் வயது முக்கியம்தான். ஆனால் அதைக் கணக்கில் எடுத்த பிறகும், 35 வயதைத் தாண்டிய ஆண்களிடம் வாய்ப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. கட்டுரையின் சுருக்கத்தை பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

"குறை பெண்ணிடம்தான்" என்ற வரிதான் மிகக் கொடுமையானது. அதை நம்பி, மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைய விடுகிறார்கள். கணவரின் விந்துப் பரிசோதனை எளிமையானது. தொடக்கத்திலேயே செய்ய வேண்டியது. குறை ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளமே சொல்கிறது.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள்.