அது சாரை ஐயா, சாரை!

தெருவில் பாம்பை அடித்துக் கொன்ற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று ராத்திரியிலிருந்து பதினோரு பேர் அனுப்பியாச்சு. எங்கள் தெரு, எங்கள் வேலூர் சத்துவாச்சாரி. கட்டையோடு நிற்பவர்களில் பாதிப் பேர் என்னை மாமா என்று கூப்பிடுகிறவர்கள். எனக்குத் தெரியாதா?

ஒன்றுதான் சொல்கிறேன். அது சாரை. விஷமே கிடையாது. ஒடுங்கிய தலை, பெரிய கண், உதட்டில் கறுப்புக் கறுப்பாகக் கோடு. இரண்டாவது அடி விழுவதற்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள், தெளிவாகத் தெரிகிறது. தெரு குரூப்பில் போட்ட தலைப்போ ‘ஏழடி நல்லபாம்பு’. அதற்கு நாற்பது கைதட்டல். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் படை நடுங்கவே இல்லை.

போன மாதம் முழுக்க இதே குரூப்பில் பெருச்சாளி கார் வயரைக் கடித்த புலம்பல். அதைப் பிடிக்கிற சாரையைக் கொன்றாச்சு, இப்போது நீங்களே போய்ப் பிடியுங்கள்.

“உங்க பேரனைக் கடிச்சிருந்தா?” என்கிறார் ஒருவர். கடிபட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. முதலில் மந்திரிக்கத்தான் தூக்கிப் போனார்கள், அரை நாள் அதிலேயே போச்சு. உயிர் பிழைத்தார், கால் மட்டும் கடைசி வரை சரியாகவில்லை. அந்த மனுஷனே சாரை ஓடினால் கட்டையைத் தொட விடமாட்டார். “எலி திங்கிறதை நீயா திருப்பித் தருவே?” என்பார்.

பாம்புக்கடியால் இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. மறைக்கவில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் பயப்படுங்கள். கடிக்குப் போடும் மருந்துக்கே பாம்பு விஷம்தான் வேண்டும். சென்னைப் பக்கம் வடநெம்மேலி இருளர்கள் 1978-லிருந்து சங்கம் வைத்து, பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு 2023-ல் பத்மஸ்ரீ. நம் தெருவுக்குப் பாம்பு பிடிக்கப் பைக்கில் வரும் பையன் பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கேட்டால் மட்டும் ‘வியாபாரம்’!

“அவன் வர முக்கால் மணி நேரம் ஆகுது.” சரி, உண்மைதான். ஆனால் அது பாலத்தடியில்தானே கிடந்தது? எட்ட நின்றிருந்தால் அதுவே போயிருக்கும்.

“நல்லபாம்போட பிணையுற ஜாதி, அதுக்கும் விஷம் ஏறியிருக்கும்” என்று இன்னொரு விஞ்ஞானி. அப்படிப் பின்னி எழும்புவது இரண்டு ஆண் சாரைகள் ஐயா, மல்லுக்கட்டு. மேலே வெள்ளைத்துணி போட்டுக் கும்பிடுவீர்கள், தனியாகச் சிக்கினால் அடிப்பீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அடிப்பது குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாம்புப் படம் காட்டினேன். சார்ட் என் காசு, தெருச் சங்கத்துக் காசு இல்லை. சாரையை முதலில் சரியாகச் சொன்னவனுக்குப் பேனா கொடுத்தேன். வீடியோவில் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறானே, அவன்தான்.

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். சந்தா வழக்கம்போல ஐந்தாம் தேதி வந்துவிடும்.