என் பாட்டிக்கு 32 பல்லாம்!

காலையில் பசியாறிக்கொண்டிருந்தேன். குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. தோசை தொண்டையிலேயே நின்றுவிட்டது. "பாட்டிய கொஞ்சம் அழகாக்கியிருக்கேன்" என்று கீழே ஒரு வரி, மூன்று ரோஜா, இரண்டு கும்பிடு. அனுப்பியவர் அண்ணி.

அண்ணி, மன்னிக்கவும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அது நான் எடுத்த படம். அதை எடுக்க நான் பட்ட பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் இதே கூட்டம்தானே இருக்கும். கைப்பேசியைத் தூக்கினால் போதும், சித்தப்பா மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுப்பார். அத்தை "இரு இரு" என்று முந்தானையைச் சரிசெய்ய ஆரம்பித்து, வெளிச்சம் போகும்வரை சரிசெய்வார். பிள்ளைகள் விரலை மடக்கி இதயம் காட்டும். இயல்பாக இருங்கள் என்று சொன்னால் இன்னும் மோசம். எல்லோரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு இயல்பாக இருப்பதுபோல் நடிப்பார்கள், கண் வைத்தியரிடம் வரிசையில் காத்திருக்கும் முகத்தோடு.

அதனால் நான் திருடன் மாதிரிதான் படம் எடுப்பேன். சத்தத்தை அணைத்துவிடுவேன். செய்தி படிப்பதுபோல் கைப்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டு ஒலிப் பொத்தானை அழுத்துவேன். போன ஞாயிறும் அப்படித்தான். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படி ஏற முடிந்தவர்கள் ஏறிவிட்டார்கள். பாட்டி, இடுப்பு வலிக்காரச் சித்தப்பா, முட்டி வலி என்று பொய் சொன்ன நான், மூவரும் அடிவாரத்து மர நிழலில்.

சித்தப்பா ஒரு கையில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு பாட்டிக்கு நாலு நம்பர் லாட்டரி ஞானம் போதித்துக்கொண்டிருந்தார். "படி ஐந்நூத்திப் பதிமூணு. அப்ப 0513 எடுக்கலாமா, திருப்பி 3150 எடுக்கலாமா?" முருகன் படி கட்டியதே இவர் நம்பர் எடுக்கத்தான். பாட்டி பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது, மதில் மேலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, அவசரமே இல்லாமல், சொந்தப் பழத்தை வாங்குவதுபோல் சித்தப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனது. சித்தப்பா கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. பாட்டி சிரித்தார் பாருங்கள்! தலை பின்னால் சாய, கண் இரண்டும் சுருக்கத்துக்குள் புதைய, இருக்கிற மூன்று பல்லும் தெரிய ஒரு சிரிப்பு.

நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மொத்தம் 23 படம். ஒன்பதில் சித்தப்பாவின் முழங்கை பாட்டி முகத்தை மறைத்திருந்தது. ஏழெட்டு ஆட்டம் கண்டுவிட்டன. ஒன்றில் என் விரல் மட்டும், மிகத் தெளிவாக. கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று. அதில் எல்லாம் இருந்தது. பாட்டி, பல், மூக்குத்தி, சித்தப்பாவின் வெறுங்கை, ஓரத்தில் பழத்தோடு திரும்பிப் பார்க்கும் குரங்கு.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஓரத்தில் கிடந்த இரண்டு செருப்பையும் குப்பைத் தொட்டியையும் வெட்டி நீக்கினேன். நிழலில் இருண்டிருந்த முகத்தைக் கொஞ்சம் தூக்கினேன், இலை இடுக்கில் வெயில் விழுந்த இடத்தைக் கொஞ்சம் இறக்கினேன். அவ்வளவுதான். முகத்தில் ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. தொட எனக்கு என்ன உரிமை? சுங்கைப்பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய முகம் அது.

இப்போது அண்ணியின் படத்துக்கு வருவோம்.

முதலில் நிறம். பாட்டி அரிசி மாவில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருக்கிறார். இந்த அழகுச் செயலிகளுக்கெல்லாம் அழகு என்றால் வெளுப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்புறம் சுருக்கம். மொத்தமும் போயாச்சு, முகம் இஸ்திரி போட்ட வேட்டி. தோலை வழவழப்பாக்கும் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது, சின்னதாக எது துருத்திக்கொண்டிருந்தாலும் மெழுகிவிடுகிறது. பருவா, மூக்குத்தியா என்று அதற்கென்ன தெரியும்? அறுபது வருஷத்து மூக்குத்தி பருவாகக் கருதப்பட்டு அழிக்கப்பட்டுவிட்டது. பின்புலத்தை மங்கலாக்கும் வித்தையையும் அண்ணி விட்டுவைக்கவில்லை. ஆள் எங்கே முடிகிறார், மரம் எங்கே தொடங்குகிறது என்று கைப்பேசி குத்துமதிப்பாகத்தான் கோடு போடுகிறது. மெல்லிய முடியும் பூவும் வந்தால் அதற்குக் கண் கட்டிவிடும். பாட்டியின் மல்லிகைச் சரத்தில் பாதியும் இடது காதும் புகைமூட்டத்துக்குள் போய்விட்டன.

பல்லைச் சொல்லவில்லையே. வைத்திருக்கிறார்கள். வரிசையாக, வெள்ளையாக, எண்ணிப் பார்க்காமலே சொல்வேன், 32.

சரி, இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்வேன். குரங்கு எங்கே? அழித்திருக்கிறார் அண்ணி! "அசிங்கமா இருந்துச்சு தம்பி" என்று விளக்கம் வேறு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தவன் கதை எல்லோருக்கும் தெரியும். நான் கஷ்டப்பட்டுக் குரங்கையே பிடித்தேன், அதுவும் கடைசியில் இல்லை. இப்போது அந்தப் படத்தில் சித்தப்பா வானத்தை நோக்கிக் கையை நீட்டி ஏதோ தேர்தல் கூட்டத்தில் பேசுகிறார், பக்கத்தில் யாரோ ஒரு பணக்கார வெள்ளைக்காரப் பாட்டி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

இதற்கு 27 இதயம். "பாட்டிக்கு பத்து வயசு குறைஞ்சிருச்சு" என்கிறார் அத்தை. ஈப்போ மாமா ஒருவர்தான் நேர்மையாக "யாருய்யா இந்த அம்மா?" என்று கேட்டார். என் படத்துக்கு வந்தது இரண்டு கட்டைவிரல். அதில் ஒன்று நான் போட்டது.

நியாயம் கேட்டு இரண்டு படத்தையும் பாட்டியிடமே கொண்டுபோனேன். என் படத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "இது எதுக்குய்யா, கெழவி மாதிரி இருக்கேன்." அண்ணியின் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "பல்லெல்லாம் மொளைச்சிருக்கே!" அப்புறம் ஒரே போடாகப் போட்டார். "இதையே பெரிசாக்கி உங்க தாத்தா படத்துக்கிட்ட மாட்டு. புதுசா யாரு வந்திருக்கான்னு முழிக்கட்டும் மனுசன்." சொல்லிவிட்டு அதே சிரிப்பு, அதே மூன்று பல். கையில் கைப்பேசி இருந்தும் எனக்குப் படம் எடுக்கத் தோன்றவில்லை. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பெரிசாக்குவதில்தான் அடுத்த வம்பு. அண்ணி கை வைத்தது புலனத்தில் சுருங்கிப் போன படத்தின் மேல். என் அசல் 4000க்கு 3000 புள்ளி, அங்கே போய்ச் சேர்ந்தபோது நீளவாக்கில் வெறும் 1600. அதைச் சுவரளவுக்கு இழுத்தால் பாட்டி பாசி பிடித்தமாதிரிதான் வருவார். ஆகவே நானே, இந்தக் கையாலேயே, அசலை ஆவணக் கோப்பாக அண்ணிக்கு அனுப்பி, "அண்ணி, இதுல பல்லு வெச்சுத் தாங்க, மூக்குத்திய மட்டும் விட்டுருங்க" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"குரங்கு வேணுமா தம்பி?" என்று பதில் வந்திருக்கிறது.

வேண்டும் அண்ணி. குரங்கும் வேண்டும், தீபாவளிக்கு நெய் உருண்டை வைத்துக் கொடுத்தனுப்பிய அம்மாவின் நாலடுக்கு டிபன் கேரியரும் வேண்டும். அம்மா அதைப் பற்றித் தினமும் என்னைத்தான் கேட்கிறார். அதையும் அசிங்கமாக இருக்கிறதென்று அழித்துவிட்டீர்களா?