பழம் பறிக்கும் வீட்டில் படிக்கும் பிள்ளைகள்

வீட்டுக்கல்வியைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்வார்கள்: "வீட்டு வேலையும் தோட்ட வேலையுமே பிள்ளைகளுக்குப் பாடம்." திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் உள்ள ஒரு சிறு தோட்டத்தை வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைக்கும் தாய் என்ற முறையில், அந்த வாக்கியத்தில் பாதியை மனமார ஏற்கிறேன், மறுபாதியைக் கண்டு அஞ்சுகிறேன். ஐப்பசி மழை ஓய்ந்து காப்பிப் பறிப்பு நெருங்கிவரும் இந்த நேரத்தில், அந்த அச்சத்தைப் பற்றி வெளிப்படையாக எழுத விரும்புகிறேன்.

ஏற்கும் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கூடைக் காப்பிப் பழத்தில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு இருக்கிறது என்பதைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். பறித்து வந்த பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் நல்ல பழம் அடியில் தங்கும். காய்த்துளைப்பான் வண்டு குடைந்ததும் செடியிலேயே காய்ந்து போனதும் மேலே மிதக்கும். அடர்த்தி என்ற பாடத்தை என் மகன் அந்தத் தொட்டியடியில்தான் புரிந்துகொண்டான். பல்ப்பரில் தோல் நீக்கிய பிறகு கொட்டையைச் சுற்றி வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் பசையை நுண்ணுயிர்கள்தாம் கரைக்கின்றன என்பதையும், குளிர் கூடும்போது அதற்கு அதிக நேரம் பிடிக்கிறது என்பதையும், மார்கழியில் எங்கள் வீட்டு இட்லி மாவு பொங்கத் தாமதமாவதும் அதே காரணத்தால்தான் என்பதையும் அவன் தானாகவே இணைத்துச் சொன்னான். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காப்பிக் கொட்டைதான் கிடைக்கும் என்று கேட்டதும், மீதி ஐந்து கிலோ எங்கே போகிறது என்ற கேள்வி பிறந்தது. தோல் எவ்வளவு, நீர் எவ்வளவு, கொட்டையை மூடியிருக்கும் பார்ச்மெண்ட் ஓடு எவ்வளவு என்று சமையலறைத் தராசில் எடைபோட்டு, பின்னமும் விழுக்காடும் கற்றுக்கொண்டான். களத்தில் காயும் கொட்டையை மாலையில் ஏன் மூடி வைக்க வேண்டும், வெயில் இல்லாத நாட்களில் எத்தனை முறை கிளறிவிட வேண்டும், சந்தையில் விலை ஏறினாலும் நமக்குக் கிடைப்பது ஏன் அதே அளவில் ஏறுவதில்லை என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன. இவை எதையும் எந்தப் புத்தகமும் இத்தனை தெளிவாக அவனுக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

எனக்கு அச்சம் தருவது அதன் பிறகு வருவது. பழத்தை எடைபோட்டுப் பார்ப்பது முதல் நாளில் பாடம். செடியில் பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கக் கற்பது இரண்டு, மூன்று நாட்கள் வரையிலும் பாடம்தான். ஆனால் எங்கள் பக்கம் பறிப்பு கார்த்திகையில் தொடங்கி மாசி வரையில் நீளக்கூடியது. பழம் எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. அதே செடிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்று முடித்த பிறகும் அதே பிள்ளை அதே கூடையோடு அதே சரிவில் நின்றால், அது கூலி கொடுக்காமல் வாங்கும் வேலை. அதைக் கல்வி என்று அழைப்பது, பெற்றோர் தம் மனச்சான்றுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றே கருதுகிறேன். பறிப்புக்கு ஆள் கிடைப்பது எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. பழுத்த பழம் ஆளுக்காகக் காத்திராமல் உதிர்ந்துவிடுகிறது. அந்த நெருக்கடியில், வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் மூன்று பிள்ளைகளின் ஆறு கைகள் எவர் கண்ணுக்கும் படும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் உண்மையான அன்போடுதான் கேட்டார்: "ஏத்தா, பிள்ளைக வீட்டுல சும்மாத்தானே இருக்குதுக, ஒரு வாரம் பறிப்புக்கு விட்டா என்ன?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. மணி அடித்து, சீருடை அணிந்து, பேருந்து ஏறிப் போகும் பிள்ளையின் நேரத்துக்கு ஊரே மதிப்புக் கொடுக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையின் நேரத்துக்கு அந்த மதிப்பைப் பெற்றோரைத் தவிர வேறு யாரும் தர முடியாது.

குடும்பத் தொழிலையே கல்வி என்று சொல்லும்போது தமிழ்நாட்டில் ஒரு நினைவு எழுவது இயல்பு, எழவும் வேண்டும். 1953-ஆம் ஆண்டு அன்றைய முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் நாளின் ஒரு பகுதி மட்டும் பள்ளியில் இருந்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று இருந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டப்பட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அந்தத் திட்டம், 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளியின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் பிள்ளைகளைத் திரும்பவும் அப்பன் தொழிலுக்கே அனுப்பும் ஏற்பாடாகவே அதை மக்கள் கண்டார்கள். வீட்டுக்கல்வியாளர்கள் அந்த வரலாற்றை மறந்துவிட்டு "தொழிலே கல்வி" என்று பேசும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வியை அமைக்கலாம் என்று 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்விக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. மலைக்குக் கீழே சின்னாளபட்டி அருகில், டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் அந்த வழியில் வந்ததுதான். நான் புரிந்துகொண்ட வரையில், ஆதாரக் கல்வியில் தொழிலோடு கணக்கும் அறிவியலும் மொழியும் சேர்ந்தே வர வேண்டும். அவற்றைச் சேர்ப்பதற்கென்று ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆசிரியர் நானும் என் கணவரும்தான். நாங்கள் இருவருமே தோட்டத்தில் நின்றுகொண்டு பிள்ளைகளையும் தோட்டத்தில் நிறுத்தினால், அங்கே வேலை இருக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகச் சொல்கிறது. அதை மீறுவதாக எங்களைக் கண்டிக்கும் உறவினர்களோடு இங்கே வாதிட நான் வரவில்லை. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஒரு கணக்கைத்தான் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். நாளொன்றுக்கு நான்கு அல்லது நாலரை மணி நேரம் பிள்ளைக்கே உரியது என்று அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத நாம் அந்த மணி நேரத்துக்குக் கடன்பட்டவர்களாகிறோம். அதைப் பாடப் புத்தகத்தில்தான் செலவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதில் செலவிட்டாலும் அது பிள்ளையின் வளர்ச்சிக்காகச் செலவிடப்பட வேண்டும். அறுவடைக்காக அதை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் கொண்டுவந்த திருத்தமும் இங்கே பொருந்துகிறது. பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று பொதுவாகத் தடை செய்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அது விலக்கு அளிக்கிறது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், அந்த உதவி மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது என்றும், ஒரு நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கின்றன. இந்த விலக்கே வேண்டியதில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் நான் கேட்பது வேறு கேள்வி. பள்ளி நேரம் என்ற ஒன்றே இல்லாத வீட்டில், பள்ளி நேரத்துக்குப் பிறகு என்பது எப்போது தொடங்குகிறது? அதை வரையறுக்க வீட்டுக்கு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஆகவே அந்தக் கோட்டை நாமே முன்கூட்டி, பறிப்பு தொடங்குவதற்கு முன்பே, பிள்ளைகளின் முன்னிலையில் போட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் காலை 8 மணி முதல் 12 மணி வரை பிள்ளைகளுடையது. பறிப்புக் காலத்திலும் அதை யாரும் தொடக் கூடாது. எழுதும்போது எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு நடக்க வேண்டுமானால், பெரியவர்களின் நாள் முழுவதும் மாறியாக வேண்டும். காலைச் சாப்பாட்டோடு மதியக் குழம்பும் பொரியலும் 8 மணிக்கு முன்பே முடிந்திருக்கின்றன. பாத்திரம் துலக்குவதும் ஆட்களுக்குத் தேநீர் கொண்டுபோவதும் என் கணவரின் பொறுப்பு. பிள்ளைகளின் அப்பத்தா கடைக்குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தபடியே கதை சொல்கிறார். அவளுடைய தமிழில் இன்று இருக்கும் வளம் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. அந்த நேரத்தில் நான் மூத்தவளோடும் மகனோடும் உட்கார்ந்திருக்கிறேன். உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளை 12 மணிக்குப் பிறகே எடுக்கிறேன். ரவிக்கை தைக்கும் வேலையை இரவுக்குத் தள்ளியிருக்கிறேன். பல்ப்பர் ஓடும் மாலைகளில் பிள்ளைகள் விரும்பினால் வரலாம்; களைப்பு வந்தால் காரணம் கேட்கப்படாமல் போகலாம். அப்படிப் போக முடியாத வேலை எதையும் நான் கல்வி என்று அழைப்பதில்லை.

எங்கள் தோட்டத்துக்குப் பறிக்க வரும் பெண்களின் பிள்ளைகள் அந்தக் காலை நேரத்தில் அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம் பிள்ளைகள் இந்தச் சரிவில் கூடை சுமக்கக் கூடாது என்பதற்காகவே அந்தத் தாய்மார் கூடை சுமக்கிறார்கள். விரும்பிப் பள்ளியை விலக்கிய எங்கள் பிள்ளைகள் அதே நேரத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பழம் பறிப்பார்களானால், அந்தத் தாய்மாரின் உழைப்புக்கு முன்னால் எங்கள் கல்விக் கொள்கைக்கு என்ன மரியாதை இருக்கும்?

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்காவது பருவம் என்று ஒன்று உண்டு. அடுப்படிக்கு அது இல்லை. பதினைந்து வயதை நெருங்கும் மூத்த மகள் நாள் முழுவதும் வீட்டில் இருந்தால், யாரும் கட்டளையிடாமலேயே தம்பியின் தட்டும் தங்கையின் தலைவாரலும் விருந்தாளிக்கான காப்பியும் அவள் கைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. பொறுப்புள்ள பெண் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அவளுடைய இயற்பியல் புத்தகம் திறந்தபடியே கிடக்கிறது. பள்ளி ஒரு பெண்ணுக்குத் தரும் மிகப் பெரிய கொடைகளில் ஒன்று, நாளில் சில மணி நேரமாவது வீட்டு வேலை அவளைத் தேடி வர முடியாத இடத்தில் அவளை வைத்திருப்பது. வீட்டுக்கல்வி அந்தக் கொடையைப் பறித்துக்கொள்ளுமானால், அவள் எத்தனை நூல்களைப் படித்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. ஆகவே எங்கள் வீட்டில் விருந்தாளிக்குக் காப்பி போடும் முறை மகனுக்கும் உண்டு; காலை வேளையில் விருந்தாளி வந்தால் அது பெரியவர்களின் வேலை மட்டுமே.

மலையில் குடியேறிய இளம் பெற்றோர் சிலர் வீட்டுக்கல்வியைத் தொடங்கலாமா என்று எங்களிடம் கேட்க வருகிறார்கள். பாடநூலைப் பற்றிய கவலையோடு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: அறுவடை நெருங்கும்போது, வீட்டில் யாராவது நோயில் படுக்கும்போது, பிள்ளைகளின் அந்த நான்கு மணி நேரத்தை எந்தப் பெரியவர் காவல் காப்பார்? அந்தக் கேள்விக்குத் தாயின் பெயர் மட்டுமே விடையாக வருமானால், தொடங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். ஊரிலுள்ள அரசுப் பள்ளி அந்தப் பிள்ளைக்கு அதைவிட நன்றாக நேரத்தைக் காத்துத் தரும்.

மூத்தவள் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதப்போகிறாள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும், அங்கே பொதுத்தேர்வு நடக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதி முடிக்கலாம். அக்டோபர்-நவம்பர் வாய்ப்பை வீட்டில் பேசி விலக்கிவிட்டோம். அப்போது வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மண் சரியும். தேர்வு மையத்துக்காக வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்குவது உறுதியாக இராது. அதோடு, பறிப்புக்கான ஆயத்தத்தில் எங்கள் இருவரின் கவனமும் தோட்டத்திலேயே இருக்கும். ஏப்ரலில் பறிப்பும் உலர்த்தலும் முடிந்து, காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழைக்குப் பிந்தைய இடைவெளியில் தோட்டத்துக்கு எங்கள் கைகள் அவ்வளவாகத் தேவைப்படாது. முதலில் தமிழ், கணிதம், அறிவியல் ஆகிய மூன்றை எழுதுவதாகவும், மற்றவற்றை அடுத்த ஏப்ரலுக்கு வைத்துக்கொள்வதாகவும் அவளே முடிவு செய்திருக்கிறாள்.