ஆறு மணி என்றால் ஆறு மணிதான்

சினிமாவுக்கு என்றால் டைட்டில் போடும் முன்பே சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், பௌர்ணமி அன்று சில்வர் பீச்சுக்குக் கூப்பிட்டால் மட்டும் ஏன் ஏழரை மணிக்கு வருகிறார்கள்? எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

கடலூரில் நமக்குக் கடல் கிழக்கே. பௌர்ணமி அன்று முதுகுப்பக்கம் ஊருக்குள் சூரியன் இறங்குகிற நேரத்தை ஒட்டியே, எதிரே தண்ணீருக்குள்ளிருந்து நிலா ஏறும். முதலில் சிவப்பாக ஒரு விளிம்பு, அப்புறம் மெல்ல மெல்ல முழு வட்டம். தொடுவானத்தில் அடர்ந்த காற்றைக் கடந்து வெளிச்சம் வருவதால்தான் அந்தச் செம்மஞ்சள் நிறம். கொஞ்சம் மேலே போனாலே வெளுத்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் கூப்பிடுகிறேன்.

"மஞ்சக்குப்பத்துல ஒருத்தரைப் பார்த்தேன் மச்சான், லேட் ஆயிடுச்சு" என்று வந்து நிற்பான் ஒருவன். சரி, போகட்டும். "நிலா எங்க போயிடப் போகுது, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிறான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. நாளைக்கு அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி, இருட்டிய பிறகுதான் உதிக்கும். கடலின் நீலமும் நிலாவின் சிவப்பும் சேர்ந்து தெரியாது. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மழை மேகம் வேறு மூடிக்கொள்ளும்.

தனியாகப் பார்க்கலாம்தான். ஆனால் "டேய், அங்க பாரு" என்று தோளைத் தட்டிச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தானே இவர்களை இவ்வளவு கெஞ்சுகிறேன்! அடுத்த பௌர்ணமிக்கு ஐந்தரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து வாருங்களடா.