கூடலூரில் மைக்கை நீட்டும் முன்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் நிலத்துக்காகப் போராடியவர்களைப் பேட்டி எடுக்க இப்போதெல்லாம் நிறைய பேர் கேமராவோடு வருகிறார்கள். வரட்டும். ஆனால் "உங்க வலியைச் சொல்லுங்க" என்று தொடங்கும் பேட்டியில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டா இல்லாதவர் கேமரா முன் சொல்வது நாளைக்கு வாக்குமூலமாகத் திரும்பி வரலாம்.

நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்த ஜென்ம நிலங்களை ரயத்துவாரியாக, அதாவது அரசிடமே நேரடியாகப் பட்டா பெறும் நிலமாக, மாற்றும் சட்டம் 1969இல் வந்தது, 1974இல்தான் நடைமுறைக்கு வந்தது. எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலம் அதன் 17ஆம் பிரிவில் சிக்கியது. 'செக்‌ஷன் 17' என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: பட்டா வராது, கரண்ட் கனெக்‌ஷனுக்கும் அலைய வேண்டும். இந்த நிலத்தில் இருக்கும் பெரியவரிடம் "எப்பண்ணே இங்க வந்தீங்க?" என்று கேட்டால், "காட்டை வெட்டித்தானே குடிசை போட்டோம்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். ஆக்கிரமிப்பு வழக்கு நடத்துபவருக்கு அந்த ஒரு வரி போதும்.

அதே கேள்வி பழங்குடி ஊரில் வேறு மாதிரி வேலை செய்யும். வன உரிமைச் சட்டப்படி 13.12.2005க்கு முன்பிருந்தே நிலம் கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு மூத்தவர்களின் வாக்குமூலமும் ஒரு சான்று. ஆனால் சொல்பவர் மனு போட்டவராக இருக்கக் கூடாது, எழுத்திலும் பதிந்திருக்க வேண்டும். ஆகவே யார் மனுதாரர் என்று முதலில் விசாரியுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுவதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி ஊரிலேயே கொடுத்துவிட்டு வந்தால், உங்கள் வீடியோவைவிட அது உதவும்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களிடம் போய் வன உரிமைச் சட்டத்தைப் பற்றிக் கேட்பது வீண். பழங்குடி அல்லாதவர்கள் 2005க்கு முன் 75 வருட வாழ்வைக் காட்ட வேண்டும். இவர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தமே 1964இல்தான். அவர்களிடம் கேட்க வேண்டியது டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை. குடும்ப அட்டை, பாஸ்போர்ட், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். காகிதம் கைக்கு வந்ததும் பேச்சே மாறிவிடும். மேடையில் பேசிப் பழகிய வாசகங்கள் நின்று, கப்பல், முகாம், முதல் சம்பளம் என்று ஆள் இறங்கி வருவார்.

வருடம் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "எமர்ஜென்சிக்கு முன்னாடியா? எம்.ஜி.ஆர். செத்தப்ப பொண்ணுக்கு என்ன வயசு? மரப்பாலம் மண்சரிவுக்கு அப்புறமா?" என்று கேளுங்கள். 1975, 1987, 1993 என்று மூன்று முளை அடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கட்டுப்படும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரைக்குக் கீழே ரெக்கார்டிங் வேண்டாம். மழைச் சத்தம் தவிர எதுவும் பதியாது. பகலில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. எஸ்டேட் லைன் வீட்டில் வைத்து எடுக்காதீர்கள். வீடு கம்பெனியுடையது, சுவரைத் தாண்டி கங்காணி காதில் விழும். பெண்கள் தனியாக இருக்கும்போது ஒரு தரம் பேசிப் பாருங்கள். ஊர்வலத்துக்கு அரிசி சேர்த்தது யார், வக்கீல் செலவுக்குத் தலைக்கு எவ்வளவு பிரித்தார்கள், யார் வீட்டு நகை அடகுக்குப் போனது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். போராட்டம் நடத்திய சங்கத்தின் தலைவரிடம் தேதியும் தீர்மானமும்தான் கிடைக்கும். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஊர்களில் மொழிபெயர்க்க சங்கத்து ஆளையே வைத்துக்கொண்டால் பதிலும் சங்கத்துப் பதிலாகவே வரும்.

சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள். பேசுவதற்கு முன் கேட்பது மரியாதைக்கு. பேசி முடித்ததும் முழுவதையும் போட்டுக் காட்டி "எதை எடுத்துடலாம்?" என்று கேட்பதுதான் முக்கியம். வெளியிடும் முன் படத்தை ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், காகிதத்தில் சர்வே எண்ணும் அட்டை எண்ணும் தெரிகிறதா என்று.