காலுக்குக் கீழ இறங்குற மண்ணோட கணக்கு நம்ம கைக்கு வரணும்

கோடம்பாக்கம் பக்கத்துல ஒரு குறுக்கு தெரு, முப்பது வருஷத்துக்கு முன்னாடி கட்டின ரெண்டு மாடி வீடு. ஹால் ஜன்னலோட மேல் மூலையில இருந்து சாய்வா ஒரு விரிசல் கிளம்பி சீலிங் வரைக்கும் ஓடுது. வீட்டுக்கார அம்மா என்னை கூப்பிட்டு காமிச்சாங்க. "மூணு தடவை பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சாச்சு தம்பி, ஒவ்வொரு தடவையும் பொங்கலுக்கு அடிக்கிறோம், ஆடி மாசம் வந்தா திரும்ப வாயை திறக்குது"ன்னாங்க. ரூம் கதவை சாத்தி பாத்தேன், மேல தாப்பாள் போடுற பக்கம் சட்டத்துல இடிக்குது, கீழ சுண்டு விரல் நுழையுற அளவுக்கு இடைவெளி. அதையும் கார்பென்டர் வந்து ரெண்டு தடவை இழைச்சு விட்டிருக்காரு.

நான் பதினெட்டு வருஷமா கட்டட வேலையில இருக்கேன், அதுல பாதி வருஷம் இந்த மாதிரி பழைய வீட்டை பாத்து சொல்றதுதான் வேலை. விரிசலுக்கு நாங்க செய்யுற முதல் வைத்தியம் ரொம்ப சின்னது, மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கிற ஸ்லைடு மாதிரி மெலிசான கண்ணாடி துண்டை விரிசலுக்கு குறுக்க ரெண்டு பக்கமும் எப்பாக்ஸி வச்சு ஒட்டிட்டு பக்கத்துலயே பென்சில்ல தேதி எழுதிட்டு வந்துடுவோம். கண்ணாடி அப்படியே இருந்தா விரிசல் தூங்குதுன்னு அர்த்தம், உடைஞ்சா அது இன்னும் நகருது. அந்த வீட்டுல நாலு மாசத்துல உடைஞ்சுது. அந்த அம்மா போன் பண்ணி, "தம்பி, ராத்திரி டிக்னு ஒரு சத்தம், காலையில பாத்தா கண்ணாடி ரெண்டா நிக்குது"ன்னு சொன்னப்போ அவங்க குரல்ல இருந்த பயம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

அடுத்து அவங்க கேட்ட கேள்விதான் இந்த பதிவு. "பக்கத்துல புதுசா வந்த அப்பார்ட்மெண்ட்ல ஆழமா போர் போட்டு நாள் பூரா மோட்டார் ஓடுது, அதனாலயா?" எனக்கு பதில் தெரியல. அந்த போர்தான் காரணம்னு நான் எழுதி குடுக்கல, இல்லைன்னும் எழுதல, ஏன்னா சுவத்தை அளக்க என்கிட்ட ஆயிரம் கருவி இருக்கு, அந்த தெரு மண்ணு போன எட்டு வருஷமா எவ்வளவு இறங்குச்சு, தெருவோட இந்த முனை ஒரு மாதிரியும் அந்த முனை ஒரு மாதிரியும் இறங்குச்சான்னு சொல்ற கணக்கு என் கையில இல்ல. இத்தனைக்கும் அந்த மாதிரி கணக்கு போட முடியாதுன்னு இல்ல, போட்டே முடிச்சிருக்காங்க!

2025 அக்டோபர்ல நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல இருக்க நிதேஷ்நிர்மல் சதாசிவம் முதல் ஆசிரியர், கூட சூசன்னா வெர்த், மனூச்சேர் ஷிர்சாய் எல்லாம். 2015ல இருந்து 2023 வரைக்கும் எடுத்த சாட்டிலைட் ரேடார் படங்களை வச்சு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு அஞ்சு ஊரையும் அளந்திருக்காங்க. 878 சதுர கிலோமீட்டர் நிலம் இறங்கிக்கிட்டு இருக்கு, வருஷத்துக்கு 4 மி.மீ.க்கு மேல இறங்குற இடத்துல மட்டும் கிட்டத்தட்ட 19 லட்சம் பேர் குடியிருக்காங்க. சென்னையில அதிகபட்சமா இறங்குற இடத்துல வருஷத்துக்கு 31.7 மி.மீ. இன்னைக்கு கட்டட சேத அபாயம் அதிகமா இருக்குற கட்டடங்கள் டெல்லியில 2,264, மும்பையில 110, சென்னையில வெறும் 32. இப்படியே போனா 50 வருஷத்துல அதே சென்னை கணக்கு 8,284 ஆகும்னு சொல்றாங்க. 32ல இருந்து 8,284! இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்குறதுதான் நமக்கு கிடைச்சிருக்க டைம்.

செய்தி வந்த அன்னைக்கு எல்லா இடத்துலயும் "சென்னை மூழ்குகிறது"ன்னுதான் போட்டாங்க, எனக்கு மனசு ஆறல. ஊரே மொத்தமா, ஒரே அளவா ஒரு அடி இறங்கினா கூட உங்க வீட்டு சுவத்துல ஒரு கீறல் விழாது (கடலும் வெள்ளமும் கிட்ட வரும், அது வேற பிரச்சனை). வீட்டை உடைக்கிறது சீரில்லாத இறக்கம்தான், ஒரு பில்லர் 2 செ.மீ. இறங்கி பக்கத்து பில்லர் அரை செ.மீ.ல நின்னா நடுவுல இருக்க சுவரு என்ன பண்ணும், கிழியும். 1956லயே ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு ரெண்டு பேரும் நிறைய கட்டடத்தை பாத்து ஒரு அளவு சொல்லி வச்சாங்க, ரெண்டு பில்லருக்கு நடுவுல இருக்க தூரத்துல முந்நூறுல ஒரு பங்கு அளவுக்கு இறக்கத்துல வித்தியாசம் வந்தா சுவத்துல விரிசல் ஆரம்பிக்கும், நூத்தைம்பதுல ஒரு பங்குன்னா பில்லர், பீமுக்கே சேதம். பத்தடி தள்ளி இருக்க ரெண்டு பில்லருக்கு நடுவுல ஒரு செ.மீ. வித்தியாசம், அவ்வளவுதான், அந்த அம்மா வீட்டு கதவு இடிக்கிறதுக்கும் ஜன்னல் மூலையில கோடு விழுறதுக்கும் அது போதும். இந்த ஆய்வுல எனக்கு பிடிச்சதே இதுதான், எவ்வளவு இறங்குதுன்னு மட்டும் பாக்காம பக்கத்து பக்கத்து இடம் எவ்வளவு வித்தியாசமா இறங்குதுன்னு பாத்து அதை கட்டடத்தோட சேத்து வச்சு கணக்கு போட்டிருக்காங்க. மண்ணை படிச்சவங்களும் ரேடார் படிச்சவங்களும் எங்களை மாதிரி கட்டடம் படிச்சவங்களும் ஒரே டேபிள்ல உக்காந்த மாதிரி ஒரு வேலை.

எழுநூறு கிலோமீட்டர் உயரத்துல இருந்து மில்லிமீட்டர் எப்படிப்பா தெரியும்னு நிறைய பேர் கேக்குறீங்க. பிள்ளைங்க உயரத்தை சுவத்துல பென்சில் கோடு போட்டு பாப்போம்ல, அந்த மாதிரி வச்சுக்கோங்க. ஐரோப்பாவோட சென்டினல்-1 சாட்டிலைட் 12 நாளைக்கு ஒரு தடவை அதே பாதையில வந்து அதே இடத்துக்கு ரேடார் அலை அனுப்பி திரும்பி வர்றதை பதிவு பண்ணுது. அந்த அலையோட நீளம் 5.6 செ.மீ., போன தடவை வந்து சேர்ந்தப்போ அலை எந்த கட்டத்துல இருந்துச்சு, இந்த தடவை எந்த கட்டத்துல இருக்குன்னு ஒப்பிட்டா தரை எவ்வளவு விலகிச்சுன்னு பிடிச்சுடலாம். ஒரு படத்தை நம்ப முடியாது, காத்துல இருக்க ஈரப்பதமே அலையை குழப்பிடும், ஆனா எட்டு வருஷத்துல இருக்க அத்தனை படத்தையும் அடுக்கி பாத்தா குழப்பம் கழிஞ்சு இறக்கம் மட்டும் நிக்கும். இதுக்கு இன்சார்னு பேரு. மொட்டை மாடி, கம்பி கேட், தகர ஷெட் எல்லாம் நல்லா அலையை திருப்பி அனுப்பும், மரமும் வயலும் இருக்க இடத்துல சரியா வராது.

இதை கண்ணை மூடிட்டு நம்பணும்னும் நான் சொல்லல. இத்தாலியில ஜெனோவா ஊர்ல மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்னைக்கு விழுந்து 43 பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் ஒரு குழு, பாலம் விழுறதுக்கு முன்னாடியே அது நகர்ந்தது ரேடார் படத்துல தெரியுதுன்னு கட்டுரை போட்டாங்க. 2020ல இன்னொரு குழு அப்படி எதுவும் தெளிவா தெரியலன்னு மறுத்து எழுதினாங்க. அதனால சாட்டிலைட் சொல்லிடுச்சுன்னு வீட்டை இடிக்க முடியாது, சென்னை கணக்கும் வீடு வீடா ஏறி பாத்து போட்டது இல்ல. ஆழமா பைல் (மண்ணுக்குள்ள இறக்குற கான்கிரீட் தூண்) போட்ட கட்டடம் ஒரு மாதிரி நிக்கும், மூணடி தோண்டி கருங்கல் அஸ்திவாரம் போட்டது வேற மாதிரி நிக்கும். எந்த தெருவுல முதல்ல போய் கண்ணாடி ஒட்டணும்னு ரேடார் சொல்லட்டும், கிட்ட போய் பாத்து மீதியை நாங்க சொல்றோம்.

சரி ஏன் இறங்குது? பெரிய காரணம் நிலத்தடி நீர்தான். மண்ணு துகளுக்கு நடுவுல இருக்க தண்ணி சும்மா இல்ல, மேல இருக்க பாரத்துல ஒரு பங்கை அதுவும் சேந்துதான் சுமக்குது. அதை உறிஞ்சிட்டா அந்த பாரம் முழுக்க துகள் மேல ஏறும், களிமண்ணா இருந்தா நெருங்கி இறுகிடும், இறுகினதுல பெரும்பங்கு அப்புறம் எத்தனை மழை பெஞ்சாலும் பழையபடி உப்பாது. சென்னையில அது கூட இன்னொன்னும் சேருது, ஊர்ல பல இடம் பழைய ஏரியும் ஆத்துப்படுகையும். தி.நகரே 1920கள்ல மாம்பலம் பக்கத்து பெரிய ஏரியை வத்த வச்சு உருவாக்கின இடம்தானே. அந்த மாதிரி இடத்துல ஒரே மனையோட ஒரு பக்கம் பழைய கரையிலயும் மறுபக்கம் ஏரி சேத்துலயும் விழலாம், அப்போ ரெண்டும் ஒரே மாதிரி இறங்குமா? கோடையில காஞ்சு சுருங்கி மழையில உப்புற களிமண் வேற இருக்கு, ஆடி மாசம் வாயை திறக்குற விரிசல்ல அதுக்கும் பங்கு இருக்கலாம். எது எவ்வளவுன்னு பிரிச்சு சொல்லத்தான் அந்த தெருவோட கணக்கு வேணும்ங்கிறேன்.

இதுல நல்ல செய்தியும் இருக்கு. டெல்லியில விமான நிலையம் பக்கத்துல கபஷேராங்கிற இடம் வருஷத்துக்கு 11 செ.மீ.ல இருந்து 17 செ.மீ. வரைக்கும் இறங்கினதை 2022ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு. அதே ஆய்வுல, அங்க இருந்து கொஞ்ச தூரத்துல இருக்க துவாரகாவுல இறக்கம் நின்னு நிலம் மெல்ல மேல வந்திருக்கு, போர் தண்ணிக்கு கட்டுப்பாடு, மழைநீர் சேகரிப்புன்னு செஞ்சதோட பலன். 2003ல தமிழ்நாட்டுல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்போ பைப் போட்டோமே, இன்னைக்கு அதுல எத்தனை குழி மண்ணு அடைச்சு கிடக்கு? போய் மூடியை திறந்து பாருங்க, அது உங்க அஸ்திவாரத்துக்கும் சம்பந்தப்பட்ட குழி.

ஆனா எனக்கு உண்மையான கோவம் வேற இடத்துல இருக்கு. ஜோஷிமட் ஞாபகம் இருக்கா? உத்தராகண்ட் மலை ஊர். அது பழைய நிலச்சரிவு குவியல் மேல உக்காந்திருக்கு, கண்டபடி கட்டாதீங்கன்னு 1976லயே மிஸ்ரா கமிட்டி எழுதி வச்சிட்டு போச்சு. 2023 ஜனவரியில 800க்கும் மேல வீடு விரிசல் விட்டு, ஜனங்க கொட்டுற பனியில குழந்தை குட்டியோட வெளிய நின்னாங்க. இஸ்ரோவோட தேசிய தொலையுணர்வு மையம் சாட்டிலைட் படம் வச்சு 12 நாள்ல 5.4 செ.மீ. இறங்கியிருக்குன்னு அறிக்கை போட்டாங்க. ரெண்டொரு நாள்ல அந்த அறிக்கை வெப்சைட்ல இருந்து காணாம போச்சு, அனுமதி இல்லாம மீடியாகிட்ட பேசக்கூடாதுன்னு ஆய்வு நிறுவனங்களுக்கு கடிதம் போச்சு. மத்த நிறுவனங்களோட அறிக்கைகளும் மாசக்கணக்குல பூட்டியே இருந்துச்சு, ஹைகோர்ட் ஏன் மறைக்கிறீங்கன்னு கேட்ட பிறகுதான் வெளிய வந்துச்சு. ஜனங்க பீதி ஆயிடுவாங்களாம். வீட்டு சுவத்துல கை நுழையுற வெடிப்போட தூங்குறவன்கிட்ட நம்பர் சொன்னா பீதியா? நம்பர் தெரியாமதான் ராத்திரி பூரா முழிச்சிருக்கான்.

நார்வேல 2018லயே நாடு முழுக்க இந்த கணக்கை மேப்பா போட்டுட்டாங்க. ஐரோப்பா முழுக்க 2022ல வந்துடுச்சு, யாரு வேணா போய் அவங்க தெருவுல இருக்க புள்ளியை தொட்டா வருஷ வாரியா ஏறி இறங்கின வரைபடம் வரும், காசும் இல்ல. அங்க யாரும் பீதியில ஊரை காலி பண்ணல. நமக்கு என்ன குறைச்சல்? நாசாவும் இஸ்ரோவும் சேந்து செஞ்ச நிசார் சாட்டிலைட் 2025 ஜூலை 30 சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டால இருந்துதான் கிளம்புச்சு, 12 மீட்டர் அகல ஆன்டெனா. அதுல இருக்க நாசா ரேடாரோட அலை 24 செ.மீ. நீளம், மரம் செடி இருக்க இடத்துலயும் நல்லா வேலை செய்யும், அதாவது நீலகிரி சரிவுக்கும் கொடைக்கானலுக்கும் கூட உதவும். அந்த டேட்டாவும் எல்லாருக்கும் இலவசம். ஆனா ரேடார் டேட்டாவை டவுன்லோட் பண்ணி பிரிக்க நல்ல கம்ப்யூட்டரும் படிச்ச ஆளும் வேணும், அந்த அம்மா எங்க போவாங்க? நமக்கு வேண்டியது தெரு பேர் போட்டு தேடினா தமிழ்ல பதில் சொல்ற ஒரு மேப்.

இதை நண்பர்கள்கிட்ட சொன்னா, "மேப் வந்தா வீட்டு விலை விழுந்துடும்டா"ங்கிறாங்க. அந்த பயம் எனக்கு புரியுது, ஆயுசு சேமிப்பை போட்டு வாங்கின வீடு. ஆனா யோசிச்சு பாருங்க, ஒரு மனை வாங்கணும்னா முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டு பாக்குறோம், மூலப்பத்திரம் எங்கன்னு கேக்குறோம், பட்டா பேரு சரியா இருக்கான்னு வக்கீலை வச்சு படிக்கிறோம். காகிதத்துல இருக்க நிலத்துக்கு இவ்வளவு விசாரணை, நிஜமா பாரத்தை தாங்குற நிலத்துக்கு ஒரு பக்க காகிதம் கூட கிடையாது. மறைச்சு வச்சா விலை நிக்கும், சரி, ஆனா அந்த விரிசலை தெரியாம வாங்குறவன் தலையில கட்டுறோம், அவனும் இருபது வருஷ லோன் போட்டுதான் வாங்குறான். மேப் இருந்தா இறங்குற தெருவுல எத்தனை போர் இருக்குன்னு கேக்கலாம், அஸ்திவாரத்தை பலப்படுத்தலாம், புது கட்டடத்துக்கு பைல் போட்டே ஆகணும்னு சொல்லலாம்.

மேப் வர்ற வரைக்கும் ஒன்னு பண்ணுங்க. வீட்டுல சாய்வா ஓடுற விரிசல் இருந்தா உடனே பட்டி வைக்காதீங்க, முதல்ல ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுங்க, ஒரு ஸ்கேலை பக்கத்துல வச்சு மாசம் ஒரு போட்டோ எடுங்க, கதவு எந்த மூலையில இடிக்குதுன்னு குறிச்சு வைங்க, பக்கத்துல போர் தண்ணி எத்தனை அடியில கிடைக்குதுன்னும் கேட்டு எழுதுங்க. இன்ஜினியர் யாரு வந்தாலும் அந்த நோட்டு ஒரு வருஷ வேலையை மிச்சம் பண்ணும்.

கோடம்பாக்கம் வீட்டுல போன வாரம் ரெண்டாவது தடவை கண்ணாடி ஒட்டினேன், இந்த தடவை ஹால்ல ஒன்னு, மாடிப்படி கிட்ட ஒன்னு. அந்த அம்மா பேத்தியோட பழைய ஸ்கூல் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு, "தம்பி, தினமும் பாத்து எழுதணுமா, வாரம் ஒரு தடவை போதுமா"ன்னு கேட்டாங்க. வாரம் ஒரு தடவை போதும்மான்னு சொல்லிட்டு வந்தேன்.